சாம்பல் கட்டம்

கண்ணாடிக்காரருக்கு வாயால் சண்டை போடத் தெரியாது. கடையில் யாராவது குரலை உயர்த்தினால் போதும், குனிந்து இழுப்பறையில் இல்லாத திருகாணியைத் தேட ஆரம்பித்துவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் முகம் தெரியாத, ஊர் பேர் தெரியாத ஆட்களோடு வருஷக்கணக்கில் நாள் தவறாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவர் மனைவியும் அக்காவும் மட்டும் நம்புவார்கள். அவர்கள் அந்தக் கூத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள்.

கீழே கடை, மேலே வீடு. கடையின் முன்பக்கம் மூன்று சுவரிலும் கண்ணாடிச் சட்டங்கள், அவற்றைப் போட்டு அழகு பார்க்க நிலைக்கண்ணாடிகள். பின்பக்கம் ஒரு சின்ன பட்டறை. அங்கேதான் அவர் லென்ஸின் மையத்தில் மையால் புள்ளி வைத்து, தண்ணீர் சொட்டும் கல்லில் விளிம்பைத் தேய்த்து, சட்டத்தைச் சூடுகாட்டி இளக்கி, உள்ளே பொருத்துவார். காலையில் ஷட்டர் கதவைத் தூக்குவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பார். "ஆண்டவனே, இன்னைக்கு என் கையால ஒருத்தருக்காவது தெளிவாத் தெரியட்டும்." அவ்வளவுதான் பிரார்த்தனை. பெரிதாக எதையும் கேட்டு மேலே இருப்பவரைச் சங்கடப்படுத்துகிற பழக்கம் அவருக்கு இல்லை.

வினை வந்தது இணையத்தில். அங்கே ஒரு பேச்சு மன்றம் இருந்தது. யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரை வேண்டுமானாலும் வைத்துக்கொண்டு எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். தேய்க்கும் கல்லைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்கத்தான் அவர் முதலில் அதற்குள் போனார். போன இடத்தில் யாரோ ஒருவர், குழந்தைகளுக்குக் கண்ணாடி போட்டால் கண் சோம்பேறியாகிவிடும், கழற்றி எறியுங்கள் என்று எழுதியிருந்தார். இவருக்குப் பகீரென்றது. "பொறுமையா ஒரு நிமிஷம் கேளுங்க" என்று தொடங்கி நயமாக ஒரு பதில் எழுதினார். மறுநாள் ஒரு தாய், 'நல்லவேளை, நீங்கள் சொன்னீர்கள், என் மகளுக்குத் திரும்ப மாட்டிவிட்டேன்' என்று நன்றி சொல்லியிருந்தாள்.

அந்த ஒரு நன்றியில் மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. 'நேர்பார்வை' என்று தனக்கு ஒரு பெயர் சூட்டிக்கொண்டு களத்தில் இறங்கிவிட்டார்.

நல்ல எண்ணத்தில் தொடங்கிய வேலைதான். ஆனால் பொய்க்குச் சலிப்பு கிடையாது என்பது அவருக்கு அப்போது தெரியவில்லை. ஒன்றைத் திருத்தினால் அது கொஞ்ச நாள் படுத்துக் கிடந்துவிட்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு எழுந்து வரும். அதிலும் 'மலைத்தேன்' என்ற பெயரில் எழுதிய ஒருவர் இவருக்கென்றே பிறந்தவர்போல் வந்து வாய்த்தார். கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து போடுகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களுக்கு மலைத்தேன் ஒரு யோசனை சொன்னார். தினமும் மருந்து போட்டால் கண் அதற்குப் பழகிவிடுமாம். நடுநடுவே சில மாதங்கள் நிறுத்திக் கண்ணுக்கு ஓய்வு கொடுத்தால்தான் மருந்து திரும்ப வேலை செய்யுமாம். 'உடம்புக்கு ஓய்வு உண்டு, கண்ணுக்கு மட்டும் வேண்டாமா?' என்று கேட்டிருந்தார். படிக்க எவ்வளவு இதமாக இருக்கிறது! ஆபத்தே அந்த இதத்தில்தான். அழுத்தம் ஏறுவது வலிக்காது. உள்ளே நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு, ஓரத்துப் பார்வை போகும். போனது திரும்பி வராது.

கண்ணாடிக்காரர் விடுவாரா? மலைத்தேன் எழுதியதை ஓர் எழுத்துக்கூட விடாமல் மேலே எடுத்துப் போட்டு, அதற்குக் கீழே தன் மறுப்பை எழுதினார். மன்றத்தில் அப்படி எடுத்துப் போடுவது ஒரு வெளிறிய சாம்பல் நிறக் கட்டத்துக்குள் தெரியும். கட்டத்துக்குள் இருப்பது அடுத்தவர் பேச்சு, கட்டத்துக்கு வெளியே இருப்பது நம் பேச்சு. மற்றவர்கள் எல்லாம் எதிராளியின் பேச்சில் பாதியை வெட்டிப் போட்டுக் கேலி செய்வார்கள். இவர் அப்படிச் செய்யமாட்டார்.

"அடுத்தவன் சொன்னதை முழுசாச் சொல்லிட்டுத்தான் நம்ம பதிலைச் சொல்லணும். அதுதான் நியாயம்" என்பார் மனைவியிடம்.

"நியாயமெல்லாம் சரி. சாப்பாடு ஆறுது" என்பாள் அவள்.

இப்படியே போயிற்று. மலைத்தேன் எழுதுவார், நேர்பார்வை மறுப்பார், நடுவில் வழிப்போக்கர்கள் வந்து இரண்டு கல்லை எறிந்துவிட்டுப் போவார்கள். 'மருந்துக் கம்பெனிக்காரன் கைக்கூலி' என்றார் ஒருவர். 'கண்ணாடி விற்கிறவன் வேறு என்ன சொல்வான்?' என்றார் இன்னொருவர். இவர் கண்ணாடி விற்கிறவர் என்பது அந்த ஆளுக்குத் தெரிய வழியே இல்லை. குருட்டாம்போக்கில் எறிந்தது சரியாக வந்து நெற்றிப்பொட்டில் பட்டது. அன்றைக்கு மத்தியானம் அவர் சோற்றைக் கையால் அளைந்துவிட்டு எழுந்தார்.

பட்டறையில் கல் சுற்றும்போதும் மனத்துக்குள் ஒரு பதில் சுற்றிக்கொண்டே இருக்கும். தூக்கத்தில்கூட யாருக்கோ ஆதாரம் காட்டிக்கொண்டிருந்தார். அலுப்பு என்றால் அப்படி ஓர் அலுப்பு. ஆனால் விட மனம் வரவில்லை. "நான் விட்டுட்டா, அதைப் படிச்சிட்டு எவனாவது மருந்தை நிறுத்திட்டான்னா? அந்தப் பாவம் யாருக்கு?" இதுதான் அவரைப் பிடித்து வைத்திருந்த முளைக்குச்சி.

அந்த நாட்களில்தான் அடுத்த தெருத் தையற்காரம்மா புதுக் கண்ணாடியைக் கையில் தூக்கிக்கொண்டு கடைக்குத் திரும்பி வந்தாள்.

"அண்ணே, இதைப் போட்டா எதுத்த வீட்டுப் பூனை மீசை தெரியுது. என் ஊசிக் காது தெரியமாட்டேங்குது."

கண்ணாடிக்காரர் திடுக்கிட்டார். எந்தத் தொலைவில் வைத்து வேலை பார்ப்பீர்கள் என்று கேட்காமல் அவர் யாருக்கும் கண்ணாடி செய்ததே கிடையாது. தையற்காரரை உட்கார வைத்து, துணியைப் பிடிக்கிற மாதிரி கையைப் பிடிக்கச் சொல்லி, அளந்து பார்த்துவிட்டுத்தான் செய்வார். இந்தத் தடவை கேட்டாரா?

"நான் கேக்கலையாம்மா?"

"கேட்டீங்க. நானும் கையை இப்படித் தூக்கிக் காட்டினேன். நீங்க தலையைக் குனிஞ்சு போன்ல ஏதோ தட்டிக்கிட்டே 'சரி சரி'ன்னீங்க. சரி, அண்ணன் நெத்தியாலயே பாக்குறாரு போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

மனைவி கல்லாவுக்குப் பின்னாலிருந்து சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. லென்ஸை மாற்றிக் கொடுத்து, வாசல்வரை வந்து மன்னிப்புக் கேட்டார். ஆனால் கதவு சாத்தியதும் போன் அதிர்ந்தது. மலைத்தேன் ஏதோ எழுதியிருந்தார். கை தானாகவே அதை எடுத்தது.

*

அக்காவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. கண்ணாடிக்காரரைவிட எட்டு வயது மூத்தவள். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் காலமானபின் தம்பி வீட்டில் தெருப்பக்கத்து அறையில் இருந்தாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். அவளுக்கும் கண் அழுத்தம் உண்டு. தினமும் இருட்டும் நேரத்தில் இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு விட வேண்டும்.

முன்பெல்லாம் கடை மூடியதும் தம்பிதான் மேலே வந்து சொட்டு விடுவார். அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு, "டேய், கண்ணுல விடச் சொன்னா காதுல விடுற" என்பாள். சொட்டு விழுந்ததும் மூக்கோரத்தில் விரலை வைத்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில் இரண்டு பேரும் ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்கள். மலைத்தேனோடு சண்டை முற்றிய ஒருநாள், போனைப் பார்த்தபடியே, "நீயே போட்டுக்கக்கா, இதுல என்ன பெரிய வித்தை இருக்கு?" என்றார். அன்றிலிருந்து அவளே போட்டுக்கொள்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

வாராந்திர விடுமுறை. கடை பூட்டியிருந்தது. மனைவி ஃபிரிட்ஜைத் துடைக்கிறேன் என்று உள்ளே இருந்த எல்லாவற்றையும் எடுத்து மேசைமேல் பரப்பியிருந்தாள். கண்ணாடிக்காரர் அதே மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அண்ணி மருந்து எத்தனை வாங்கி வச்சிருக்கீங்க?"

"மாசத்துக்கு ஒண்ணு. ஏன்?"

"மூணு இருக்கு. மூணும் முத்திரையே உடைக்கல."

அவர் விரல் போன்மேல் அப்படியே நின்றது. மாதம் தவறாமல் வாங்கியவர் அவர். மாதம் தவறாமல் ஃபிரிட்ஜ் கதவில் கொண்டுவந்து வைத்தவரும் அவர்தான். பழையது தீர்ந்ததா என்று பார்த்தவர்தான் யாரும் இல்லை. மூன்று பாட்டிலையும் ஒரே கையில் அள்ளிக்கொண்டு அக்கா அறைக்கு ஓடினார். பின்னாலேயே மனைவி ஈரத்துணியோடு வந்தாள்.

அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீ சொட்டு போடறதில்லையா?"

"இல்லையே. ஓய்வு குடுத்திருக்கேன்."

"என்னது?"

"கண்ணுக்கு ஓய்வுடா. அடுத்த மாசம் திரும்ப ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். ஏன்டா இப்படி வேர்த்துக் கொட்டுது உனக்கு?"

"ஓய்வா? யாரு சொன்னா உனக்கு?"

அக்கா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"என்னடா கேள்வி இது? நீதானே சொன்ன."

"நானா?"

"நீதான். நேர்பார்வை."

மனைவி ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்கு எப்படித் தெரியும் அது நான்தான்னு?"

"உலகத்துல வேற எவன்டா 'பொறுமையா ஒரு நிமிஷம் கேளுங்க'ன்னு ஆரம்பிச்சுட்டு ஒரு மணி நேரம் பேசுவான்? நீ எழுத ஆரம்பிச்ச நாள்லருந்து படிக்கிறேன். என் தம்பி ஊருக்கெல்லாம் புத்தி சொல்றான்னு எனக்குப் பெருமைதான். உங்கிட்ட சொன்னா கூச்சப்பட்டு நிறுத்திருவ, அதான் சொல்லல. முன்னெல்லாம் பக்கம் பக்கமா எழுதுவ. இப்பக் கொஞ்ச நாளா நாலு வரியில முடிச்சிடற. பரவால்ல, வயசானதும் சுருக்கமாப் பேசக் கத்துக்கிட்டான்னு நெனச்சேன். முன்ன மருந்தை நிறுத்தாதீங்கன்னு எழுதினவன் இப்ப மாத்திச் சொல்றான்னா, டாக்டருங்க புதுசா ஏதோ கண்டுபிடிச்சிருப்பாங்கன்னு விட்டுட்டேன்."

"நாலு வரியா? எங்க, காட்டு!"

அவள் போனை எடுத்து மன்றத்தைத் திறந்து நீட்டினாள். அவர் பார்த்தார்.

அவள் படிக்கக் கஷ்டப்படுகிறாள் என்று சில மாதங்களுக்கு முன் அந்தப் போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தவர் அவர்தான். எவ்வளவு பெரிதாக முடியுமோ அவ்வளவு பெரிது. அந்தத் திரையில் மேலே 'நேர்பார்வை' என்ற பெயர். பக்கத்தில், நம்பத்தகுந்தவர் என்று மன்றம் அவருக்குக் கொடுத்திருந்த நட்சத்திரம். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், 'தினமும் மருந்து போட்டால் கண் பழகிவிடும். சில மாதம் நிறுத்தி ஓய்வு கொடுங்கள்.' அதோடு திரை முடிந்துவிட்டது. அவருடைய மறுப்பு, அவ்வளவு உழைத்து, அவ்வளவு நியாயத்தோடு எழுதிய மறுப்பு, அடியில் எங்கேயோ இருந்தது. அதைத் திறக்க வேண்டிய 'மேலும் படிக்க' பொத்தான்கூடப் பெரிய எழுத்தின் நெரிசலில் திரைக்கு வெளியே போயிருந்தது.

"அக்கா, இது நான் சொன்னதில்ல. அந்த ஆளு சொன்னது. பாரு, கட்டத்துக்குள்ள இருக்கு."

"எந்தக் கட்டம்?"

"இதோ, சாம்பல் நிறத்துல."

அக்கா போனை முகத்தருகே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"கட்டமெல்லாம் ஒண்ணும் இல்லடா. எல்லாம் வெள்ளையாத்தான் இருக்கு."

அழுத்த நோய் வந்த கண்ணுக்கு வெள்ளையையும் வெளிர்சாம்பலையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம் என்பது கண்ணாடிக்காரருக்குத் தெரியாத விஷயமா? படியின் விளிம்பில் அழுத்தமான நிறத்தில் பட்டை ஒட்டுங்கள் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்! இந்த வீட்டுப் படியிலேயே ஒட்டியிருக்கிறார். அந்தக் கட்டத்தை மட்டும் ஒருநாளும் அவர் அக்காவின் கண்ணால் பார்க்கவில்லை.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமேக்கா."

"கேக்கலாம்னுதான் வந்தேன். ரெண்டு தரம் வந்தேன். நீ குனிஞ்சு யாரோடயோ சண்டை போட்டுக்கிட்டிருந்த. சரி, எழுதினதையே எதுக்குத் திரும்பக் கேட்டுத் தொந்தரவு பண்ணணும்னு போயிட்டேன்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: "பொய் சொல்லக் கூடாது. எனக்கும் அது வசதியாத்தான் இருந்துச்சு. போட்டா எரியுது, கண்ணு செவக்குது. நிறுத்தச் சொன்னா யாருக்குத்தான் கசக்கும்?"

*

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. கண் மருத்துவமனையில் முதல் ஆட்களாகப் போய் உட்கார்ந்தார்கள். அக்காவை ஓர் இருட்டறைக்குள் கூட்டிப்போய், பெரிய கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி இருக்கிற இயந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே எங்காவது ஒரு புள்ளி வெளிச்சம் மின்னும். தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். தெரியாவிட்டால் சும்மா இருக்க வேண்டும்.

கண்ணாடிக்காரர் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. அக்காவுக்கு ஒரு வெளிச்சம் தெரிந்திருக்கிறது. பிறகு மௌனம். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். 'டிக்.' மூச்சை விட்டார். அப்படி ஒரு பிரார்த்தனையை அவர் வாழ்க்கையில் செய்ததில்லை. ஊரில் உள்ளவர்களின் கண்ணுக்கெல்லாம் தான் பொறுப்பு என்று இத்தனை நாள் சுமந்து திரிந்தவருக்கு, அந்த பெஞ்சில் உலகம் சுருங்கி இரண்டே கண்ணாகிவிட்டது. ஆண்டவனே, இன்னொரு டிக். இன்னொன்று.

கண் டாக்டர் நிதானமான அம்மாள். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திரும்ப ஒருமுறை விளக்கைப் பிடித்து அக்காவின் கண்ணுக்குள் பார்த்தார். பிறகு நாற்காலியைத் திருப்பினார்.

"அழுத்தம் நல்லா ஏறியிருக்கு. ஆனா நரம்பு போன தடவை பார்த்த மாதிரியேதான் இருக்கு. புதுசா எதுவும் போகல. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தீங்கன்னா இப்படி உட்கார்ந்து சொல்லிக்கிட்டிருக்க மாட்டேன். இன்னைக்கே ஆரம்பிச்சிடுங்க. எரியுதுன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா, எரியாத வேற மருந்து இருக்கே."

நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது என்பார்களே, அது எப்படி இருக்கும் என்று கண்ணாடிக்காரருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எழுந்து கும்பிட்டார். டாக்டருக்கா, அவருக்கும் மேலே இருப்பவருக்கா என்று அவருக்கே தெரியவில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"டேய், சொட்டு எனக்குத்தான்டா. உன் கண்ணுல எதுக்கு விட்டுக்கிற?" என்றாள் அக்கா.

வரும் வழியில் ஒரு மரநிழலில் கொஞ்சம் நின்றார்கள். அவர் மெதுவாகச் சொன்னார்: "உன்னை மாதிரி இன்னும் எத்தனை பேரு படிச்சாங்களோக்கா. அந்தப் பொய்யை மலைத்தேன் பத்து பேருக்குச் சொன்னா, நூறு பேருக்கு நான் சொல்லியிருக்கேன்."

"அது மட்டுமில்லடா, கோவிச்சுக்காத, ஒண்ணு சொல்றேன். நீ பதில் போடும்போதெல்லாம்தான் மன்றத்துல அந்த மருந்துப் பேச்சு முதல் வரிசைக்கு வருது. முன்ன ஒரு தடவை நீ காய்ச்சல்ல படுத்திருந்தப்ப அது கீழ போயி, போன இடமே தெரியல. நீ எந்திரிச்சு வந்து ஒரு பதில் போட்ட, திரும்ப உச்சியில உக்காந்துக்கிச்சு. படிக்கிற எனக்குத் தெரியுது. எழுதற உனக்குத் தெரியலையா?"

கண்ணாடிக்காரர் மரத்தைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். தீயை அணைக்கிறேன் அணைக்கிறேன் என்று இத்தனை வருஷமும் தான் அதை விசிறிக்கொண்டிருந்தது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்துக்கு அடியில் வேறு ஒன்றும் இருந்தது. முளைக்குச்சி பிடுங்கப்பட்ட மாதிரி ஒரு லேசு.

"அப்ப, நான் நிறுத்தினாலே பாதி நின்னுடுமா?"

"நீ மொதல்ல நிறுத்து. மீதியை ஆண்டவன் பாத்துக்குவாரு. உன்னை நம்பியா அவரு உலகத்தைப் படைச்சாரு?"

*

ஆனாலும் போட்ட குப்பையை அள்ளாமல் எழுந்து போவது அவருக்குப் பழக்கமில்லை. பழைய பதிலைத் திருத்தினால் அது மேலே ஏறி வராது என்று அக்கா பார்த்துச் சொன்னாள். அன்றிலிருந்து கடை மூடியதும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் தன் பழைய பதில்களை ஒவ்வொன்றாகத் திறந்து கட்டத்தை எடுத்துவிட்டு, 'சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள். எரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மருந்து இருக்கிறது' என்பதை முதல் வரியாக வைத்தார். அக்கா தன் போனில் கொட்டை எழுத்தில் படித்துப் பார்த்து, "ம், சரி. அடுத்தது" என்பாள். நடுநடுவே சிரிப்பும் வந்தது.

"'தங்கள் அறியாமையின் ஆழம் கண்டு வியக்கிறேன்'. இது நீ எழுதினதாடா? கடையில திருகாணி கீழ விழுந்தாக்கூட 'மன்னிச்சுக்க'ன்னு சொல்ற ஆளு நீ!"

"எடுத்துடறேன்க்கா, எடுத்துடறேன்."

எல்லாம் முடிந்ததும் அவர் மன்றத்தின் அறிவிப்பு மணியை அணைத்தார். முதல் சில நாட்கள் கை சும்மா சும்மா சட்டைப்பையைத் தடவியது. பிறகு அதுவும் மறந்தது. பட்டறையில் கல் சுற்றும்போது கல்லின் சத்தம் மட்டும் கேட்டது. தண்ணீர் சொட்டும் சத்தம்கூடக் கேட்டது. தையற்காரம்மா சட்டம் தளர்ந்துவிட்டது என்று வந்தபோது, அவளை உட்கார வைத்து இரண்டு காதுக்குப் பின்னாலும் விரலை விட்டுப் பார்த்துச் சரிசெய்தார்.

"அண்ணன் இன்னைக்கு என் மூஞ்சியைப் பாத்துப் பேசுறாரு அக்கா, மழை வரப்போகுது" என்றாள் அவள், அவர் மனைவியிடம்.

இன்னொரு புதுப் பழக்கமும் வந்தது. கண்ணாடி வாங்க வருகிற வயதானவர்களிடம், "சொட்டு ஏதாவது போடறீங்களா? யாரு போட்டு விடறாங்க?" என்று ஒரு கேள்வி. பாதிப் பேர், "நானேதான் போட்டுக்கறேன், பாதி கன்னத்துல போகுது" என்பார்கள். அவர் எப்படித் தலையைச் சாய்ப்பது, எங்கே விரலை அழுத்துவது என்று காட்டிக் கொடுப்பார். எரிகிறதா என்றும் கேட்பார். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருப்பார்.

கொஞ்ச காலம் சென்று, ஏதோ தேட மன்றத்தைத் திறந்தபோது அவருக்கென்று தனியாக ஒரு செய்தி காத்திருந்தது. மலைத்தேனிடமிருந்து. திறந்தார்.

'ரொம்ப நாளாக உங்களைக் காணவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நீங்கள் இல்லாமல் பேசவே ஆளில்லை.'

கண்ணாடிக்காரர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதரிடம் அவர் எத்தனையோ ஆதாரம் கேட்டிருக்கிறார், ஒருநாளும் நலம் கேட்டதில்லை. கட்டம் எதுவும் போடாமல் நாலே வரி எழுதினார். 'நலமாக இருக்கிறேன். கேட்டதற்கு நன்றி. உங்கள் கண் எப்படி இருக்கிறது? மருந்து எரிகிறதா? என் அக்காவுக்கு எரிந்தது, டாக்டர் மாற்றிக் கொடுத்தார், இப்போது எரிவதில்லை.'

பதில் உடனே வரவில்லை. அவரும் அதற்காகக் காத்திருக்கவில்லை. சில நாள் கழித்துப் பார்த்தபோது ஒரே வரி இருந்தது: 'எரியும். அதனால்தான் விட்டேன். போய்க் கேட்டுப் பார்க்கிறேன்.'

போனாரா, கேட்டாரா என்பது தெரியாது. கண்ணாடிக்காரரின் காலைப் பிரார்த்தனையில் மட்டும் அன்றிலிருந்து ஒரு பெயர் கூடியது. ஆண்டவனுக்கு உண்மைப் பெயர் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் 'மலைத்தேன்' என்றே சொன்னார்.

"டேய், இருட்டப் போகுது! சொட்டு!" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

அவர் போனைக் கல்லாப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் படியேறினார். அக்கா நாற்காலியில் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். வலது கண்ணில் ஒன்று, இடது கண்ணில் ஒன்று. இரண்டும் சரியாக விழுந்தன. அவள் மூக்கோரத்தில் விரலை அழுத்திக்கொண்டு கண்ணை மூடினாள்.

"எரியுதாக்கா?"

"இல்லடா. குளுகுளுன்னு இருக்கு. என்ன, உன் மலைத்தேன் என்ன சொல்றாரு?"

"கேட்டுப் பாக்குறேன்னாரு, போனாரான்னு தெரியலக்கா. நல்லா இருக்கட்டும்."

"இருக்கட்டும்" என்றாள் அவளும், கண்ணைத் திறக்காமலே. அவர் அவள் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, திறக்கும்வரை சும்மா இருந்தார்.